செவிக்கு எழுதியதைக் கண்ணால் அளக்கலாமா?

ஓர் இலக்கியம் எந்தப் புலனை நோக்கி இயற்றப்பட்டதோ அந்தப் புலனால் அதனை நுகர்வதே முறை. ஓதுவதற்கென்று பிறந்த பாட்டைத் தாளில் மட்டும் பார்த்துவிட்டு, 'இதில் என்ன சுவை இருக்கிறது?' என்று கேட்பது, அத்தர்க் குப்பியைத் திறவாமலே மணமில்லை என்று தீர்ப்புக் கூறுவதை ஒக்கும். இத்தகைய தீர்ப்புகள் நம்மிடையே மலிந்துவிட்டன. படைப்போரும் கிஸ்ஸாவும் மசலாவும் இலக்கியத் தரத்தில் தாழ்ந்தவை என்று சொல்லும் கற்றோரை நாம் அறிவோம். சீறாப்புராணம் கடினமானது, இக்காலப் பிள்ளைகளுக்கு எட்டாதது என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிடும் இல்லங்களையும் நாம் அறிவோம்.

மறுபுறம், எழுத்தாளரும் நடிகரும் இசைவாணரும் பழைய நூல்களை மேடைக்கும் திரைக்கும் கொண்டுவந்து உயிரூட்ட முயல்வதைக் காண்கிறோம். கையளவுக் கைப்பேசியிலேயே இன்று கவியரங்கும் கதையரங்கும் நடைபெறுகின்றன. இம்முயற்சிகளை வரவேற்பதா, ஐயுறுவதா? காட்சி வந்தால் நூல் வாழுமா, மாயுமா? இவ்வினாவைப் பொதுப்படப் பேசிப் பயனில்லை. ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அது துணியிலும் குரலிலும் அச்சிலும் மேடையிலும் கடந்துவந்த பாதையைப் பார்ப்போமானால் விடை தானே புலப்படும். நாம் எடுத்துக்கொள்வது அமீர் ஹம்ஸாவின் கதை.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரும் உஹதுப் போரில் ஷஹீதானவருமான ஹஸ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் வரலாறு வேறு. பாரசீகத்தில் முளைத்து உருதுவில் ஆலமரமாய்ப் படர்ந்த அமீர் ஹம்ஸா கதை வேறு. பின்னது முழுக்க முழுக்கக் கற்பனை. சூனியக்காரர்களும் பரிகளும் மாயக் கோட்டைகளும் நிறைந்த உலகம் அது. பெயரையும் வீரத்தையும் வரலாற்றிலிருந்து இரவல் வாங்கிய கதையே அன்றி, அது வரலாறன்று. மார்க்க நூலும் அன்று. இலக்கியம் என்ற அளவில் மட்டுமே ஈண்டு அதனை நோக்குகிறோம்.

துணியில் தீட்டிய கதை

பேரரசர் அக்பருக்கு இளமையில் இக்கதையின்பால் தணியாத வேட்கை இருந்தது. 1562 ஆம் ஆண்டளவில் அவருடைய ஓவியக்கூடத்தில் தொடங்கிய ஹம்ஸா நாமாப் பணி ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்தது. பாரசீகத்திலிருந்து வந்த மீர் சையித் அலீ, அப்துஸ் ஸமத் என்னும் இரு பெரும் ஓவியர்களின் மேற்பார்வையில் சுமார் 1400 ஓவியங்கள் பருத்தித் துணியில் தீட்டப்பட்டன. ஒவ்வொன்றும் இரண்டடிக்கு மேல் உயரமுடையது. கையில் வைத்துப் படிக்கும் ஏட்டுக்கு இந்த அளவு பொருந்தாது. அவையில் உயர்த்திப் பிடித்துக் காட்டுவதற்கே பொருந்தும். ஓவியத்தின் பின்புறத்தில் கதை எழுதப்பட்டிருந்தது. முன்னால் அமர்ந்தோர் காட்சியைக் காண, பின்னால் நின்றவர் கதையைச் சொல்லியிருத்தல் வேண்டும் என்று ஆய்வாளர் கருதுவர்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓவியம் ஒரு கணத்தை மட்டுமே காட்டவல்லது. ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்கும். அந்த வாள் ஏன் ஓங்கப்பட்டது, யார்மேல் விழுந்தது, விழுந்தபின் என்ன நேர்ந்தது என்பவற்றைக் குரல்தான் சொல்ல வேண்டும். ஓவியம் சொல்லின் வேலையைப் பறித்துக்கொள்ளவில்லை. சொல்லும் ஓவியத்தை அடிமைப்படுத்தவில்லை. ஒரே துணியின் இருபுறமுமாக அவை வாழ்ந்தன. காட்சியும் இலக்கியமும் எவ்வாறு கூடி வாழலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உவமை வேண்டியதில்லை.

ஆனால் பின்னர் நிகழ்ந்ததைப் பாருங்கள். அந்த 1400 இல் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. அவற்றுள் அறுபதளவில் வியன்னா நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளன. மீதியிற் பல இலண்டனிலும் பிற நகரங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. சட்டமிட்டுச் சுவரில் மாட்டும்போது ஓவியம் நம்மைப் பார்க்கிறது. சொல் சுவரைப் பார்க்கிறது. காண்போர் வண்ணத்தை வியந்து செல்கின்றனர். கதை கேட்பாரற்றுக் கிடக்கிறது. காட்சி வாழ்ந்து சொல் மாய்வது எப்படி என்பதற்கும் அதே துணியே சான்றாகிவிட்டது.

குரலில் வாழ்ந்த கதை

அரசவையில் மட்டும் வாழ்ந்திருந்தால் ஹம்ஸா கதை அங்கேயே முடிந்திருக்கும். அது மக்களிடையே சென்றது. கதை சொல்வதையே தொழிலாகக் கொண்ட தாஸ்தான்கோக்கள் அதை ஊரூராகக் கொண்டு சென்றனர். 1847 இல் வெளிவந்த தம் 'ஆஸாருஸ் ஸனாதீத்' நூலில் சர் சையித் அஹ்மத் கான், தில்லி ஜாமிஆ மஸ்ஜிதின் வடபுறப் படிக்கட்டுகளில் மாலை நேரத்தில் ஒரு தாஸ்தான்கோ அமர்ந்து ஹம்ஸா கதை சொல்வதைக் குறித்து வைத்துள்ளார். மன்னருக்குச் சொன்ன கதை, படிக்கட்டில் அமர்ந்த எளியோருக்கும் உரியதாயிற்று.

இக்கலைக்கு நான்கு உறுப்புகள் சொல்வர்: ரஸ்ம் என்னும் போர், பஸ்ம் என்னும் அவைக்களம், திலிஸ்ம் என்னும் மாயவுலகு, அய்யாரி என்னும் வேடமாற்றுத் தந்திரம். இவற்றை வேண்டியவாறு நீட்டியும் சுருக்கியும் கேட்போர் மனமறிந்து சொல்வதே தாஸ்தான்கோவின் ஆற்றல். கதையை ஒரு கட்டத்தில் நிறுத்திவைத்து, அடுத்த நிகழ்ச்சிக்குப் போகாமலே வருணனையால் அவையைக் கட்டிப்போடுவதைத் தனித் திறமையாகப் போற்றினர். கேட்போர் சலிக்கவில்லை. 'அடுத்து என்ன?' என்பதைவிட 'எப்படிச் சொல்கிறார்?' என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

ஓதிக் கேட்கும் இலக்கியத்தை நம் முன்னோர் வெறும் பொழுதுபோக்காக எண்ணவில்லை. ஹம்ஸா கதை கடல் கடந்து மலாய் மொழிக்கும் சென்றிருந்தது. 1511 இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைத் தாக்கியபோது, போருக்கு முந்திய இரவில் இளவீரர்கள் தங்களுக்கு முஹம்மது ஹனஃபிய்யாவின் வீரக்கதையைப் படித்துக் காட்டுமாறு சுல்தானை வேண்டினர் என்றும், அவர் முதலில் அமீர் ஹம்ஸா கதையை அனுப்பினார் என்றும் மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' கூறுகிறது. விடிந்தால் வாளேந்த வேண்டியவர்கள், அன்றிரவு கேட்டது ஒரு நூலை! சொல்லைச் செவியால் பருகித் தோளுக்கு வலிமை சேர்த்த சமுதாயம் அது.

அச்சு தந்ததும் பறித்ததும்

இலக்னோ நகரின் முன்ஷி நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் இக்கதையை உருதுவில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. முஹம்மது ஹுஸைன் ஜாஹ், அஹ்மத் ஹுஸைன் கமர், தஸத்துக் ஹுஸைன் முதலிய தாஸ்தான்கோக்களே எழுத்தாளராயினர். முடிவில் 46 பெருந்தொகுதிகள். 40,000 பக்கங்களுக்கு மேல். அவற்றுள் 'திலிஸ்மே ஹோஷ்ருபா' என்னும் பகுதி மிகவும் புகழ் வாய்ந்தது. ஒரு முஸ்லிம் கதைக் கடலை அச்சில் காத்துத் தந்தவர் ஓர் இந்துப் பதிப்பாளர் என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

அச்சு நூலைக் காத்தது. கலையைக் காக்க அதனால் இயலவில்லை. தில்லியின் கடைசிப் பெரும் தாஸ்தான்கோவான மீர் பாக்கர் அலீ 1928 இல் மறைந்தார். இறுதிக் காலத்தில் அவர் பாக்கு விற்றுப் பிழைத்தார் என்பர். அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1931 இல், இந்தியாவின் முதற் பேசும்படம் 'ஆலம் ஆரா' வெளிவந்தது. பேசும்படம்தான் கதைசொல்லியைக் கொன்றது என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவர். காலக்கணக்கே அதை மறுக்கிறது. பேசும்படம் வருமுன்பே அவை கலைந்துவிட்டது. கலைத்தவர்கள் யார்?

கற்றோரே என்பது நம் கருத்து. அலிகர்ச் சீர்திருத்தக் காலத்துக்குப்பின் வந்த திறனாய்வாளர் பலர், ஆங்கில நாவலை அளவுகோலாக எடுத்துக்கொண்டு தாஸ்தானை அளந்தனர். கதைப் பின்னலில் ஒழுங்கில்லை, பாத்திரங்களுக்கு வளர்ச்சியில்லை, கூறியது கூறல் மிகுதி, நடப்பியல் இல்லை, ஒழுக்கப் பயன் இல்லை என்று குற்றப்பட்டியல் வாசித்தனர். மீன் மரமேறவில்லை என்று குறைகூறுவதைப் போன்றது இது. ஓதும் இலக்கியத்தில் ஒரு செய்தி மீண்டும் வருவது குற்றமன்று, இலக்கணம். நேற்று வராதவர் இன்று வந்திருப்பார். தாளில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். காற்றில் போன சொல்லை எங்கே திருப்புவது? ஆதலின் சொல்வோன் திரும்பச் சொல்கிறான். அந்தக் காரணத்தை உணராதவர் கண்ணுக்கு அது சலிப்பாகத் தோன்றுகிறது.

மீண்டு வந்த குரல்

இந்த உண்மையை உரக்கச் சொன்னவர் அலகாபாத்தில் வாழ்ந்த உருதுப் பேரறிஞர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி (1935-2020). அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்த அவர், சிதறிக் கிடந்த 46 தொகுதிகளையும் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்துப் படித்தார். 'ஸாஹிரீ, ஷாஹீ, ஸாஹிப்கிரானீ' என்னும் பெருநூலில், தாஸ்தானை நாவலின் விதிகளால் அளப்பது பிழை, வாய்மொழி இலக்கியத்துக்கென்று தனி விதிகள் உண்டு என்று விரிவாக நிறுவினார். திறனாய்வு ஒரு கலையைப் புதைக்க உதவியதுண்டு. திறனாய்வே அதைத் தோண்டி எடுக்கவும் உதவியது என்பதற்கு இந்நூல் சான்று.

அதன் பயன் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அவருடைய உறவினரும் நாடகத் துறையினருமான மஹ்மூத் ஃபாரூக்கி 2005 இல் தில்லியில் 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வின் பகுதிகளை மேடையில் சொன்னார். வெள்ளை விரிப்பு, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த இருவர், பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். இவ்வளவே மேடை. திரைச்சீலை இல்லை, ஒளிவித்தை இல்லை, பின்னணி இசை இல்லை. அமர்ந்த இடத்தைவிட்டு எழுவதுகூட இல்லை. பாரசீகச் சொற்கள் மிடைந்த நூற்றாண்டுப் பழமையான உருது நடையை மாற்றாமல் அப்படியே சொன்னார்கள். கேட்டவரிற் பலருக்கு அந்தச் சொற்களிற் பாதிக்குப் பொருள் தெரியாது. ஆயினும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், வியக்க வேண்டிய இடத்தில் வியந்தார்கள். அகராதி செய்யாத பணியைக் குரலின் ஏற்றமும் இறக்கமும் செய்தன.

இந்த மறுமலர்ச்சியைக் குறையற்றது என்று நாம் சொல்லவில்லை. மரபில் ஒருவரே கதை சொல்வார். இருவர் மாறிமாறிச் சொல்வது புது ஏற்பாடு. பல இரவுகள் நீண்ட கதை ஒன்றரை மணி, இரண்டு மணி நேர நிகழ்ச்சியாகச் சுருங்கிற்று. 46 தொகுதிகளில் மேடை கண்டது, கடலில் ஒரு சிரட்டை அளவே. அரங்கு நிறைந்தபின், பிரிவினைத் துயரத்தையும் மண்ட்டோவின் வாழ்வையும் கபீரின் வாக்கையும் புதிய தாஸ்தான்களாக்கிச் சொல்லத் தலைப்பட்டனர். கலை விரிந்தது, மூலநூலோ இன்னும் பெரும்பாலும் சொல்லப்படாமலே கிடக்கிறது. சொல்பவரின் புகழ் சொல்லப்படும் நூலை மறைக்கும் இடர் எப்போதும் உண்டு.

எனினும் அடிப்படையான ஒன்றில் அவர்கள் தவறவில்லை. புறவடிவை மாற்றினர், ஹோஷ்ருபாவின் சொல்லை மாற்றவில்லை. எளிமைப்படுத்துகிறோம் என்ற பெயரில் நடையைச் சிதைக்கவில்லை. கேட்போரின் அறிவை மதித்தனர்; நூலின் ஆற்றலை நம்பினர். இந்த நம்பிக்கை இல்லாதவர்தாம் இசையையும் ஒளியையும் துணைக்கு அழைக்கின்றனர்.

முகம் தரும் திரை, முகம் தராத குரல்

இனித் திரைக்கு வருவோம். உருது இலக்கியத்தைத் திரையில் உயிர்ப்பித்த முயற்சிகளில் தலையாயது, 1988 இல் குல்ஸார் எழுதி இயக்கித் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'மிர்ஸா காலிப்' தொடர். நஸீருத்தீன் ஷா காலிபாக நடித்தார். ஜக்ஜீத் சிங்கும் சித்ரா சிங்கும் பாடினர். உருது எழுத்தை அறியாத எண்ணற்ற இல்லங்களுக்கு காலிபின் கஸல்கள் சென்றது அத்தொடரின் வழியாகத்தான். அந்தப் புண்ணியத்தை யாரும் மறுக்க முடியாது.

ஆயினும் திறனாய்வாளர் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அத்தொடரைப் பார்த்தவர் கண்ணை மூடிக் காலிபை நினைத்தால் வருவது யாருடைய முகம்? நடிகரின் முகம். கஸலை நினைத்தால் வருவது எந்த மெட்டு? ஜக்ஜீத் சிங்கின் மெட்டு. நூறு படிப்பவர் நூறு விதமாகப் பொருள் கொள்ளத்தக்க ஈரடியை, ஒரு முகமும் ஒரு மெட்டும் ஒரே பொருளில் நிறுத்திவிடுகின்றன. இது நடிகர் குறையுமன்று, பாடகர் குறையுமன்று. அவர்கள் தத்தம் கலையில் வல்லவர்களாக இருந்ததன் விளைவு. திரை தரும்போதே எடுத்துக்கொள்கிறது. காட்சி எவ்வளவுக்குச் சிறக்கிறதோ அவ்வளவுக்கு நம் கற்பனையின் வேலை குறைகிறது.

இதற்கு மறுதலையாக நிற்பவர் பாகிஸ்தானின் ஜியா முஹையத்தீன் (1931-2023). இலண்டனில் நாடகப் பயிற்சி பெற்று, ஆங்கில மேடையிலும் திரையிலும் புகழடைந்தவர் அவர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்திலும் நடித்தவர். நடிப்பில் அவருக்குத் தெரியாத உத்தி இல்லை. அத்தகையவர் உருது இலக்கியத்தை மக்களிடம் கொண்டுசெல்ல முற்பட்டபோது நடிக்கவில்லை, படித்தார். கையில் ஏடு, கண்ணில் கண்ணாடி, முன்னால் ஒலிவாங்கி. காலிபின் கடிதங்களையும் முஷ்தாக் அஹ்மத் யூசுஃபியின் நகைச்சுவையையும் அவர் படிக்கக் கேட்பதற்கு அவை நிறைந்தது. அந்தப் பதிவுகள் இன்றும் ஒளிக்காட்சிகளாகப் பரவி நிற்கின்றன. அவற்றில் அவர் காலிபாக மாறுவதில்லை. காலிபின் சொல்லுக்கு வாயாக மட்டும் இருக்கிறார். முகம் நம்முன் இருந்தும் அது காலிபின் முகமாக நம் மனத்தில் பதிவதில்லை.

ஈண்டு ஒரு வேறுபாடு துலங்குகிறது. நடிப்பவன், 'நான் அவன்' என்கிறான். சொல்பவன், 'அவன் இவ்வாறு கூறினான்' என்கிறான். முன்னது வேடம், பின்னது அறிவிப்பு. இலக்கியத்தை மேடையேற்றும் முயற்சிகள் அனைத்தும் இவ்விரண்டில் ஒன்றைச் சார்ந்தவையே.

திரைப்படக்காரருக்கும் இவ்வேறுபாட்டை ஒருமுறை எண்ணிப் பார்க்க நேர்ந்தது. சிரியாவில் பிறந்த முஸ்தஃபா அக்காத், இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றை 1976 இல் 'அர்ரிஸாலா' என்னும் படமாக அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே எடுத்தார். இங்கே நாம் காண்பது கற்பனை ஹம்ஸாவை அன்று. வரலாற்று நாயகர் ஹம்ஸா (ரலி) அவர்களை. ஆங்கிலப் படத்தில் அந்தனி க்வின்னும் அரபிப் படத்தில் அப்துல்லாஹ் கைஸும் அவ்வேடம் ஏற்றனர். ஆனால் அண்ணலார் (ஸல்) அவர்களின் திருவுருவமோ திருக்குரலோ படத்தில் எங்கும் இல்லை. மற்றவர்கள் ஒளிப்படக் கருவியை நோக்கிப் பேசுவர். மறுமொழியை அவர்கள் வாயிலாகவே நாம் உணர்வோம். படத்தின் பிற கூறுகள் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருந்தன, இருக்கின்றன. ஒன்று மட்டும் உறுதி: காட்டாமலிருப்பதும் ஒரு கலை என்பதைக் காட்சிக் கலையே ஒப்புக்கொண்ட இடம் அது.

நமது சீறாவும் நமது கடமையும்

இவ்வளவு தொலைவு சென்று வந்ததன் நோக்கம், நம் வீட்டு அலமாரியைத் திறப்பதே. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 3 காண்டம், 92 படலம், 5027 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். 1842 இல் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு முதன்முதலாக அச்சேற்றினார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்நூல் மக்களிடையே வாழ்ந்தது குரலில்தான். ஒருவர் விருத்தத்தை இசையோடு ஓத, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊர் கூடிக் கேட்டது. மாலைகளும் தாலாட்டுகளும் மகளிர் கூடி ஓதிய குரலில் வாழ்ந்தன. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907 இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியபோது, அவைமுன் நின்றது ஓர் ஏடன்று. செவியும் நாவும் நினைவுமே கல்வியாக வளர்ந்த ஒரு மரபு.

அந்த மரபு தளர்ந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் குறைகூறுவது, தாஸ்தான் மறைந்ததற்குப் பேசும்படத்தைக் குறைகூறுவதைப் போன்றதே. சக்கூன் படைப்போர் முதலிய நூல்களைக் கம்பன் காவியத்தோடு நிறுத்தி, 'சொல்லழகு போதாது' என்று ஒதுக்கியவர் உண்டு. ஆயிரம் மசலாவை நோக்கி, 'வினாவும் விடையும்தானே?' என்று உதடு பிதுக்கியவரும் உண்டு. வினாவுக்கும் விடைக்கும் இடையே ஓதுவோன் விடும் மௌனத்தில் அவை முழுவதும் மூச்சடக்கி நிற்பதைத் தாள் எப்படிக் காட்டும்? இலங்கையின் அறிஞர் ம.மு. உவைஸ் போன்றோர் நம் சிற்றிலக்கியங்களைத் தேடி, வகைப்படுத்தி, வரலாறு எழுதி வைத்திராவிட்டால் பெயர்கூட எஞ்சியிராது. அவர்கள் ஃபாரூக்கி செய்த பணியின் முற்பாதியைச் செய்து தந்தார்கள். மேடையேற்றும் பிற்பாதி நம் தலைமுறைக்கு எஞ்சியுள்ளது.

சீறாவைத் திரைக்கும் மேடைக்கும் கொண்டுவர இயலாது, உருவம் காட்டக்கூடாதே என்பர் சிலர். அந்தத் தடையே நமக்கு வழிகாட்டி என்பது எம் துணிபு. வேடம் புனைவது நமக்கு வேண்டா. அமர்ந்து சொல்வது போதும். 'மானுக்குப் பிணைநின்ற படல'த்தை எடுத்துக்கொள்வோம். வேடனின் வலையில் அகப்பட்ட பெண்மான், பாலுக்கு ஏங்கும் கன்றை நினைத்து அண்ணலாரிடம் முறையிடுகிறது. அவர்கள் பிணைநிற்க, மான் சென்று கன்றுக்குப் பாலூட்டிவிட்டுச் சொன்ன சொல் தவறாமல் மீள்கிறது. வேடன் மனம் மாறுகிறான். இதைப் படமாக எடுத்தால் மானைக் காட்டலாம், வலையைக் காட்டலாம். கன்றை நினைத்து வருந்தும் தாயின் உள்ளத்தை எந்த ஒளிப்படக் கருவி காட்டும்? அதைக் காட்டுவது உமறுப் புலவரின் சொல். அச்சொல்லை நிறுத்தி, நிதானித்து, பொருளுணர்ந்து ஒருவர் ஓதினால், கேட்கும் ஒவ்வொரு பிள்ளையின் மனத்திலும் ஒவ்வொரு மான் துள்ளும். ஓதுபவர் யாராகவும் வேடமிடவில்லை. ஆகவே வரம்பும் மீறப்படவில்லை.

கடினமான தமிழ் பிள்ளைகளுக்கு விளங்காதே என்பது அடுத்த தடை. ஹோஷ்ருபாவின் உருது தில்லி இளைஞர்க்கு அதனினும் கடினம். குரல் அதை விளங்கவைத்தது. சந்தி பிரிக்காத அச்சைப் பார்த்து மிரளும் பிள்ளை, சீர்பிரித்து ஓதக் கேட்டால் பாதிப் பொருளைத் தானே பற்றிக்கொள்ளும். மீதியை ஓதி முடித்தபின் உரைநடையில் சொல்லலாம்.

இத்தகைய முயற்சிகளை மதிப்பிட நாம் நான்கு அளவைகளை முன்வைக்கிறோம். மூலப்பாடல் மாற்றப்படாமல் முழுமையாக ஒலிக்க வேண்டும். விளக்கம் பாடலுக்குப் பின் வர வேண்டுமே அன்றிப் பாடலுக்குப் பதிலாக வரலாகாது. இசை இருக்குமாயின் சொல்லை மூடலாகாது. எந்த நூல், எந்தக் காண்டம், எந்தப் படலம் என்பது காண்போருக்குத் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். கடைசி அளவை சிறியதாகத் தோன்றலாம், அதுவே தலையாயது. கைப்பேசியில் கேட்ட பிள்ளை அந்த நூலைத் தேடி அலமாரிக்கு வருவதற்கான வழி அது ஒன்றே. பின்புறத்துச் சொல் சுவரைப் பாராமல் நம்மைப் பார்க்கச் செய்வதும் அதுவே.

இதற்குப் பெரும் பொருட்செலவோ அரங்கமோ வேண்டா. வரும் ரபீஉல் அவ்வல் மாதத்தில், ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவர், பொருள் சொல்லவல்ல ஆசிரியர் ஒருவர், கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள ஓர் இளைஞர் என மூவர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினால் போதும். மானுக்குப் பிணைநின்ற படலத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் சீறாவை மெட்டறிந்து ஓதும் முதியோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். மீர் பாக்கர் அலீயின் காலத்துக்குப்பின் தாஸ்தான் மேடைக்கு வர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் அவர் குரலைக் கேட்டுக் கற்றவர் எவரும் இல்லை. நூலைப் பார்த்துக் குரலைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. நமக்கு இன்னும் குரல் இருக்கிறது. அது இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்போம்.